பட்ஜெட் எயார்லைன்ல போகலாமா? கொழும்பு ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

வெள்ளவத்தையில எங்கட ஒழுங்கையிலயும் சொந்தத்துக்குள்ளயும் ஆராவது சென்னைக்கோ கோலாலம்பூருக்கோ துபாய்க்கோ டிக்கெட் போடவேணும் எண்டா எனக்குத்தான் கோல் வரும். ஒரே கேள்வியளைத் திரும்பத் திரும்பக் கேக்கினம், நானும் ஃபோன்ல அவசரத்தில பாதியைச் சொல்லிப் பாதியை மறந்திடுறன், பிறகு அந்த மறந்த பாதியாலதான் கவுண்டரில காசு கட்டுகினம். அதால எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதி வைக்கிறன்.

பட்ஜெட் எயார்லைன் ஏன் மலிவு? எதில மிச்சம் பிடிக்கிறாங்கள்?

முதல் விசயம், அவங்கள் விக்கிறது சீட் மட்டும். பேக், சாப்பாடு, எந்த சீட், சிலவேளை கவுண்டரில போர்டிங் பாஸ் அடிக்கிறது வரைக்கும் எல்லாம் தனித்தனி விலை. ரெண்டாவது, ஒரே மாதிரி பிளேனாப் பாத்து வாங்குறது, எயார்பஸ் ஏ320 எண்டா பெரும்பாலும் ஏ320 தான், அப்ப பைலட் ட்ரெயினிங், ஸ்பெயார் பார்ட்ஸ், மெக்கானிக் எல்லாத்திலயும் செலவு குறையும். அந்த ஏ320க்குள்ள பிஸ்னஸ் கிளாஸ் இல்லாமல் 180 சீட் அடுக்குவினம். மூண்டாவதுதான் பெரிசு: பிளேன் நிலத்தில நிண்டா நட்டம், அதால வந்து இறங்கி அரை மணித்தியாலத்திலேயே திரும்பக் கிளப்பப் பாப்பினம், ஒரு நாளில அதே பிளேன் நாலஞ்சு தரம் பறக்கும். இதை மனசில வைச்சிருங்கோ, பிந்துற கதை வரேக்க இதுதான் காரணம்.

கொழும்பில இருந்து எதெல்லாம் இருக்கு?

சென்னை, பெங்களூர் பக்கம் போறாக்களுக்கு இண்டிகோ. கோலாலம்பூருக்கு எயார்ஏசியா, கடனோட ஒரு ரிங்கிட்டுக்குக் கைமாறி 2001ல ரெண்டு பிளேனோட திரும்பத் தொடங்கின கொம்பனி அது. ஷார்ஜாவுக்கு எயார் அரேபியா, துபாய்க்கு ஃப்ளைடுபாய். எங்கட நாட்டு ஃபிட்ஸ்எயார் 2022 ஒக்டோபரில வெளிநாட்டுக்குப் பறக்கத் தொடங்கினது. அதுக்கு முன்னம் அரசாங்கம் 2007ல தொடங்கின மிஹின் லங்கா இருந்தது, 2016 ஒக்டோபரோட மூடிட்டினம். யாழ்ப்பாணத்து ஆக்கள் கட்டுநாயக்கா வரத் தேவையில்லாமல் பலாலியில இருந்தே சென்னைக்குப் போகலாம், இண்டிகோ 2024 செப்டெம்பரில அங்க வந்தது. ரூட்டும் நேரமும் சீசனுக்கு சீசன் மாறும், டிக்கெட் போடுற அண்டைக்கு ஒருக்காப் பாருங்கோ.

முதல் பக்கத்தில ஒரு விலை, கடைசிப் பக்கத்தில வேற விலை. ஏமாத்துறாங்களா?

ஏமாத்து எண்டு சொல்லமாட்டன், ஆனா நீங்கள் ஒப்பிடுற விதம் பிழை. கணக்கு விளங்கிறதுக்கு ஒரு உதாரணம் சொல்லுறன், நம்பர் அண்டண்டைக்கு மாறும். போய் வர டிக்கெட் 38,000 ரூபா எண்டு காட்டுது. ரெண்டு பக்கமும் 20 கிலோ பேக் போட்டா 16,000, சீட் தெரிவு செய்ய 2,500, சாப்பாடு 1,800, கார்ட் கட்டணம் 900. இப்ப 59,200. சாப்பாடும் பேக்கும் சேந்த மற்ற எயார்லைன்ல 61,000 எண்டு வைச்சா, வித்தியாசம் 1,800 ரூபாதான், அதுக்காக மாத்தேலாத டிக்கெட்டை வாங்கிறதா எண்டு யோசிக்கவேணும். ஆனா அதே ஆள் ஒரு தோள்பையோட மூண்டு நாள் போய் வாறார் எண்டா அவருக்கு 38,000 உண்மையான விலை. 23,000 ரூபா கையில மிச்சம், அது சின்னக் காசில்ல.

ஆகவே காசு கட்டுற பட்டன் இருக்கிற பக்கம் வரைக்கும் போய், உங்களுக்கு வேணுமான பேக்கைப் போட்டு, அந்த மொத்தத்தைத்தான் மற்றதோட ஒப்பிடவேணும். இன்னொண்டு, விலை ரிங்கிட்டிலயோ டொலரிலயோ வந்தா உங்கட பேங்க் மாத்திற ரேட்டும் அதுக்கு மேல போடுற கட்டணமும் இருக்கு, ஸ்டேட்மென்ட் வரேக்கதான் தெரியும்.

7 கிலோ எண்டு போட்டிருக்கு, உண்மையா நிறுப்பாங்களா?

நிறுப்பாங்கள். எல்லா நாளும் இல்ல, ஆனா எந்த நாள் எண்டு உங்களுக்குத் தெரியாது. எயார்ஏசியாவில ரெண்டு துண்டும் சேத்து 7 கிலோ, அதாவது ஹாண்ட் லகேஜும் லாப்டொப் பேக்கும் சேந்துதான் 7. இண்டிகோவில ஒரு பேக் 7 கிலோ, அதோட ஒரு சின்னக் கைப்பை. எயார் அரேபியாவில 10 கிலோ. டிக்கெட் போடேக்க உங்கட டிக்கெட்டில எழுதியிருக்கிறதைத் திரும்பப் பாருங்கோ, இது மாறுறதுக்கு நாள் எடுக்காது.

சில்லு வைச்ச சூட்கேஸ் வெறும் பெட்டியே ரெண்டரை மூண்டு கிலோ வரும், அப்ப உங்கட உடுப்புக்கு நாலு கிலோதான் மிச்சம். துணிப்பை எடுங்கோ. கொளுவி நிறுக்கிற சின்னத் தராசு புறக்கோட்டையில வாங்கலாம், வீட்டுக்கு ஒண்டு இருந்தா ஒழுங்கை முழுக்கக் கடன் குடுக்கலாம்.

சென்னைக்கு கலியாணச் சாமான் வாங்கப் போறம். பட்ஜெட்ல போனா சரிவருமா?

இதுதான் எங்கட ஆக்கள் கூட மாட்டுப்படுற இடம், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன்.

போகேக்க ஒண்டுமில்லாமல் போவம், அதால பேக் இல்லாத டிக்கெட் போடுவம், திரும்பி வரேக்கதான் கூறைச்சாறி, மாப்பிள்ளைக்கு வேட்டி, பத்துப் பதினைஞ்சு பேருக்குக் குடுக்கிற சாறியள், பித்தளை விளக்கு, பலகாரம். ஒரு காஞ்சிபுரம் பட்டு பெட்டியோட கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். எங்கட தங்கச்சியின்ர கலியாணத்துக்கு அம்மாவும் நானும் சின்னம்மாவும் போய் தி.நகர்ல மூண்டு நாள் அலைஞ்சு வாங்கிக்கொண்டு வந்து கவுண்டரில வைச்சா தராசு 31.4 எண்டு காட்டுது, நாங்கள் கட்டியிருந்தது 20. கூட வந்த 11 கிலோவுக்கும் கிலோக் கணக்கில அங்கயே கட்டச் சொல்லி அவர் சொன்ன தொகை, நாங்கள் மூண்டு பேரும் போறதுக்குக் கட்டின டிக்கெட் காசுக்குக் கிட்ட வந்திட்டுது. அம்மா நிலத்தில குந்தி இருந்து சூட்கேஸைத் திறந்து, சாறிப் பெட்டியளில இருந்து அட்டையெல்லாம் உருவி எறிஞ்சு, விளக்கை என்ர கைப்பையில மாத்தி, பின்னால லைன்ல நிண்டவை எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம். விளக்கை செக்யூரிட்டியில திரும்ப எடுத்து என்ன ஏது எண்டு கேட்டாங்கள். அம்மாவின்ர கை நடுங்கினது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. 11ஐ 6 ஆக்கி, அந்த 6 கிலோவுக்குக் கட்டிப்போட்டுத்தான் ஏறினம்.

அண்டைக்குப் பிறகு நான் செய்யிறது இதுதான்: போகேக்க பேக் வேண்டாம், வரேக்க மட்டும் கூடுதலா, 30 கிலோ எண்டாலும் டிக்கெட் போடேக்கயே போட்டிடுறது. ஒன்லைன்ல முன்னமே வாங்கிற கிலோவும் கவுண்டரில வாங்கிற கிலோவும் விலையில மலையும் மடுவும். டிக்கெட் போடேக்க பேக் போட மறந்தாலும் பரவாயில்ல, பயணத்துக்கு முதல் நாள் வரைக்கும் ஆப்புக்குள்ள போய்க் கூட்டலாம், கவுண்டரைவிட அது எப்பவும் மலிவு. கடையில நிக்கேக்கயே சாறிக்கு அட்டைப்பெட்டி வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நகையை ஒருநாளும் செக்-இன் பேக்கில போடாதேங்கோ, ஏன் எண்டு கீழ வருது.

மலிவு எண்டா பாதுகாப்பும் குறைவா?

அப்பா உட்பட வயசான ஆக்கள் எல்லாரும் முதல் கேக்கிறது இது. விலைக்கும் பாதுகாப்புக்கும் நேரடித் தொடர்பு இல்ல. ஒரு நாட்டில லைசென்ஸ் குடுக்கிற சட்டம் எல்லா எயார்லைனுக்கும் ஒண்டுதான், பைலட் எத்தினை மணித்தியாலம் பறக்கலாம், இன்ஜினை எப்ப கழட்டிப் பாக்கவேணும் எண்டதெல்லாம் டிக்கெட் விலையைப் பாத்து மாறாது. ஐரோப்பாவில ரயன்எயார் 1985ல இருந்து பறக்குது, விபத்தில ஒரு பயணியும் சாகேல்ல.

அதுக்காக ஒண்டுமே நடக்கேல்ல எண்டும் சொல்லமாட்டன். 2014 டிசெம்பர் 28 இந்தோனேசியா எயார்ஏசியா பிளேன் சுரபாயாவில இருந்து சிங்கப்பூர் போகேக்க விழுந்து 162 பேரும் செத்தவை. விசாரணையில வந்தது, சுக்கான் பக்கத்து ஒரு எலெக்ட்ரோனிக் பார்ட்டில சோல்டர் (பத்தவைச்ச இடம்) கீறல் விட்டு அதே கோளாறு முந்தியும் பல தரம் வந்திருக்கு, அண்டைக்கு பைலட்மார் அதைக் கையாண்ட விதமும் பிழைச்சிருக்கு. அப்பிடி விசயங்கள் பெரிய பெயர் உள்ள எயார்லைன்லயும் நடந்திருக்கு. நான் பாக்கிறது மலிவா இல்லையா எண்டு இல்ல, எந்த நாட்டு அதிகாரசபை அவங்களைப் பாக்குது, பிளேன் என்ன வயசு எண்டுதான்.

டிக்கெட்டில பேர் எப்பிடிப் போடவேணும்?

எங்கட தமிழ்ப் பேராலதான் பாதிப் பிரச்சினை. தகப்பன் பேர் முன்னால, எங்கட பேர் பின்னால, கலியாணம் கட்டின பிறகு சிலர் புருசன் பேருக்கு மாத்தினவை, சிலர் மாத்தேல்ல. பாஸ்போட்டில எது குடும்பப்பேர் கட்டத்தில இருக்கு எண்டு வீட்டிலயே ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி. நீங்கள் யோசிக்கவே தேவையில்ல, பாஸ்போட்டில ஃபோட்டோப் பக்கத்தில அடியில ரெண்டு வரி அம்புக்குறியளோட இருக்குது பாருங்கோ, அதில நாட்டுக் குறிக்குப் பிறகு முதல் வாறது குடும்பப்பேர், ரெண்டு அம்புக்குறிக்குப் பிறகு வாறது மற்றப் பேர். அதை அப்பிடியே எழுத்துக்கு எழுத்து அடியுங்கோ. சிவகுமாருக்கு ‘வீ’ போடுறதா ‘டபிள்யூ’ போடுறதா எண்டு நினைவில இருந்து அடிக்காதேங்கோ. ஒரு எழுத்தை மாத்த அவங்கள் கேக்கிற காசும், ஃபோன்ல காத்துக்கொண்டு நிக்கிற நேரமும் வீண். பேரையே வேற ஆளுக்கு மாத்திறது பெரும்பாலும் நடக்காது, புது டிக்கெட்தான்.

பிந்தினா, கான்சல் பண்ணினா எங்களுக்கு என்ன கிடைக்கும்?

மேல சொன்னன் தானே, ஒரே பிளேன் ஒரு நாளில நாலஞ்சு தரம் பறக்குது எண்டு. காலமை ஒண்டு ஒரு மணித்தியாலம் பிந்தினா பின்னேரம் அது ரெண்டு மூண்டாகும். அதால ஏலுமெண்டா அந்த நாளின்ர முதல் பிளைட்டை எடுங்கோ. பட்ஜெட்டின்ர உண்மையான விலை இங்கதான் இருக்கு எண்டு நான் நினைக்கிறன். பெரிய எயார்லைன் எண்டா அடுத்த பிளைட்டிலயோ கூட்டுக் கொம்பனியின்ர பிளைட்டிலயோ ஏத்தப் பாப்பினம். இங்க அப்பிடி இல்ல, அவையின்ரயே அடுத்த பிளைட்டில இடம் இருந்தா ஏறலாம், அது சிலவேளை நாளைக்கு, சிலவேளை நாளையிண்டைக்கு.

ஐரோப்பாவில இருந்து வெளிக்கிட்டா தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ எண்டு நட்டஈடு சட்டம் இருக்கு, லண்டன் பக்கம் இருக்கிற சொந்தக்காரர் இதைச் சொல்லி எங்களையும் கேக்கச் சொல்லுவினம். கட்டுநாயக்காவில இருந்து சென்னைக்குப் போற ஆளுக்கு அந்தச் சட்டம் இல்ல. அவங்களே கான்சல் பண்ணினா முதல்ல கிரெடிட் (அடுத்த டிக்கெட்டில கழிக்கிற வரவு) தரவோ எண்டு கேப்பினம், காசுதான் வேணும் எண்டு எழுத்தில கேளுங்கோ. நீங்களா கான்சல் பண்ணினா டிக்கெட் காசு போச்சு, வரிப் பகுதி சிலவேளை திரும்பக் கிடைக்கும், அதையும் கேட்டுப்பாருங்கோ, கன பேர் கேக்கிறதே இல்ல.

பேக் விசயத்தில எங்களுக்குக் கொஞ்சம் பலம் இருக்கு. இலங்கை, இந்தியா, மலேசியா எல்லாம் விமானப் பயணத்தில நட்டத்துக்கு எயார்லைன் பொறுப்பு எண்டு சொல்லுற 1999 மொன்றியல் உடன்படிக்கையில சேந்த நாடுகள், பட்ஜெட்டோ இல்லையோ எல்லாருக்கும் அது பொருந்தும். பேக் உடைஞ்சா 7 நாளுக்குள்ள, பிந்தி வந்தா கையில கிடைச்சு 21 நாளுக்குள்ள எழுத்தில முறைப்பாடு குடுக்கவேணும். உச்சவரம்பு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின்ர கணக்கு அலகு), அது 2,000 அமெரிக்க டொலருக்குக் கொஞ்சம் மேல, அதுவும் நீங்கள் பெறுமதியைக் காட்டவேணும். தாலிக்கொடியை செக்-இன் பேக்கில போடாதேங்கோ எண்டு சொன்னது இதாலதான். பேக் வரேல்ல எண்டா எயார்போட்டை விட்டு வெளியில வாறதுக்கு முன்னமே கவுண்டரில எழுதி நம்பர் வாங்குங்கோ.

கலியாணம், செத்தவீடு, பரீட்சை, விசா இன்டர்வியூ, இப்பிடி அண்டைக்கு நிண்டே ஆகவேணும் எண்ட விசயத்துக்கு பட்ஜெட்ல போறதெண்டா ஒரு நாள் முன்னம் போய் நில்லுங்கோ. அந்த ஒரு நாள் தங்குற செலவையும் சேத்துக் கணக்குப் பாருங்கோ.

கோலாலம்பூர் போய் அங்க வேற டிக்கெட்ல அவுஸ்திரேலியா போனா மலிவா வருது. செய்யலாமா?

கவனம். ரெண்டு தனி டிக்கெட் எண்டா ரெண்டு பயணம், முதலாவது பிந்தி ரெண்டாவது போயிட்டா ரெண்டாவது கொம்பனிக்கு அதில பொறுப்பே இல்ல. அதோட பேக்கை எடுத்துத் திரும்பப் போட இமிக்ரேஷன் தாண்டி வெளியில வரவேணும், இலங்கைப் பாஸ்போட்டுக்கு மலேசியா விசா வேணும், விசா இல்லாமல் கட்டுநாயக்கா கவுண்டரிலயே ஏத்தமாட்டினம். ஒரே கொம்பனியில ஒரே புக்கிங்கா, எயார்ஏசியாவில ஃப்ளை-த்ரூ எண்டு வாறதை எடுத்தா பேக் நேரா போகும், நீங்களும் உள்ளுக்கயே மாறலாம். பேங்கொக்ல எண்டா இன்னொரு சிக்கல், மலிவு பிளைட்டுகள் கனக்க டொன் முவாங்கில இறங்கும், பெரிய எயார்லைன் சுவர்ணபூமியில நிக்கும், ரெண்டுக்கும் இடையில நகரத்து ட்ராஃபிக்.

ஏஜென்ட்டிட்டப் போடுறதா, நாங்களே போடுறதா?

காலி வீதியில நல்ல ஏஜென்ட்மார் இருக்கினம், விசா வேலையும் சேந்து வந்தா அவையிட்டப் போறது நல்லம். ஆனா ஒண்டை மட்டும் விடாதேங்கோ: புக்கிங்கில உங்கட ஃபோன் நம்பரும் உங்கட ஈமெயிலும் இருக்கவேணும். நேரம் மாறினா மெசேஜ் போறது அந்த ஈமெயிலுக்குத்தான், ஏஜென்ட்டின்ர ஈமெயில் இருந்தா அவர் கடை திறந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். கிரெடிட் கார்ட்ல கட்டுறது நல்லம், கொம்பனியே மூடினா பேங்கிட்ட டிஸ்பியூட் போட்டுக் காசைத் திரும்பக் கேக்க வழி இருக்கு. இந்தியாவில கோ ஃபர்ஸ்ட் எண்ட பட்ஜெட் எயார்லைன் 2023 மே மாசம் திடீரெண்டு நிப்பாட்டினது, டிக்கெட் வைச்சிருந்த சனம் காசுக்கு அலைஞ்சது. எட்டு மாசத்துக்கு முன்னமே காசு கட்டி வைக்கிறதை நான் விரும்பிறதில்ல.

வைத்தியத்துக்கு அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போறம்.

இதுக்கு மட்டும் நான் பெரும்பாலும் பட்ஜெட் வேண்டாம் எண்டுதான் சொல்லுறது. டொக்டர் எப்ப விடுவார் எண்டு தெரியாது, திரும்பி வாற திகதி மாறியே தீரும், ஒவ்வொரு தரமும் மாத்திற காசும் விலை வித்தியாசமும் கட்டி கடைசில கூட முடியும். சீட்டும் நெருக்கம், முழங்கால் வருத்தம் உள்ள ஆக்களுக்கு சென்னைக்கு ஒண்டரை மணித்தியாலம் பொறுக்கலாம், கோலாலம்பூருக்கு மூண்டரை மணித்தியாலம் கஷ்டம். போறதெண்டா வீல்செயாரை டிக்கெட் போடேக்கயே கேட்டு வையுங்கோ, குறைஞ்சது 48 மணித்தியாலத்துக்கு முன்னம். காசு இடிச்சா போறதுக்கு பட்ஜெட், வாறதுக்குத் திகதி மாத்தக்கூடிய டிக்கெட் எண்டு பிரிச்சுப் போடலாம்.

கைக்குழந்தைக்கு?

ரெண்டு வயசுக்குள்ள மடியில, ஒரு நிலையான கட்டணம். திரும்பி வாற நாளைக்குப் பிள்ளைக்கு ரெண்டு முடிஞ்சிருந்தா வாற டிக்கெட்டுக்கு சீட் வாங்கவேணும்.

பவர் பேங்க்?

கைப்பையில மட்டும், செக்-இன் பேக்கில போடவே கூடாது. 100 வாட் அவர் வரைக்கும் பிரச்சினையில்ல, சாதாரண 20,000 எம்ஏஎச் எண்டா 74 வாட் அவர்தான் வரும், அதில எழுதியிருக்கவேணும், எழுத்து அழிஞ்சதை எடுத்து வைப்பினம்.

சனிக்கிழமை இரவு 12:35க்கு பிளைட். எப்ப வெளிக்கிடுறது?

முதல்ல டிக்கெட்டில என்ன திகதி இருக்கு எண்டு பாருங்கோ. ஞாயிறு 00:35 எண்டு இருந்தா சனி இரவே நீங்கள் எயார்போட்டில நிக்கவேணும். ஞாயிறு இரவு சாப்பிட்டு முடிச்சு வெளிக்கிட்டுப் போய், பிளைட் நேற்றே போயிட்டுது எண்டு கட்டுநாயக்கா வாசலில நிண்டுகொண்டு எனக்குக் கோல் எடுத்தவை ரெண்டு குடும்பம். மாத்தித் தரமாட்டினம், அது முழுசாப் போன காசு.

கவுண்டர் பிளைட்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம் மூடும், ஒரு நிமிசம் பிந்தினாலும் திறக்கமாட்டினம், பட்ஜெட்ல இது இன்னும் கண்டிப்பு. வெப் செக்-இன் முன்னமே செய்து போர்டிங் பாஸை அடிச்சோ ஃபோன்லயோ வைச்சிருங்கோ. கட்டுநாயக்கா கோட்டையில இருந்து முப்பது கிலோமீட்டர் அளவு, 2013ல ஹைவே திறந்த பிறகு பேலியகொட தாண்டினா அரை மணித்தியாலம் போதும், ஆனா வெள்ளவத்தையில இருந்து பேலியகொட போறதுக்கே சனி பின்னேரம் ஒரு மணித்தியாலம் எடுக்கும். 187 பஸ் மலிவு, ஆனா பெட்டியளோட இரவில திரும்பி வாற ஆக்கள் அதை நம்பி இருக்காதேங்கோ, பிக்மீ டாக்ஸிக் காசையும் டிக்கெட் கணக்கில சேருங்கோ. 12:35 பிளைட்டுக்கு நான் வீட்டில இருந்து இரவு 8 மணிக்கு வெளிக்கிடச் சொல்லுவன்.